பல்லைப் பிடித்துப் பார்க்கவேண்டிய தானம்

(வெள்ளிவிழா ஆயத்தக் கூட்டத்தில் பாடகர் குழுவின் சார்பில் ஆற்றப்பட்ட உரை)

 

வெள்ளிவிழாவின் நினைவாக நம் பங்கு மன்றத்தில் ஒரு பியானோ வாங்கி வைப்பது என்று பேரவையில் முடிவானதை அனைவரும் அறிவீர்கள். புதிய கருவி வாங்க விழா நிதி இடங்கொடாது. ஆகவே பழையதாக இருந்தாலும் நல்லதாக ஒன்றைத் தேடிப் பார்க்கும் பொறுப்பைப் பேரவை எங்களிடம் ஒப்படைத்தது. அந்த நிதியில் சேர்ந்திருப்பது எவருடைய பணம் என்பதை நாங்கள் மறக்கவில்லை. மீன்பிடித் தடைக்காலத்தில் அடுப்பு எரிவதே பாடாயிருந்தபோதும் மாதச் சந்தாவை நிறுத்தாத வீடுகளின் பணம் அதில் இருக்கின்றது. புதுநன்மை வாங்கிய பிள்ளைகள் உடைத்துக் கொடுத்த உண்டியல் காசும் இருக்கின்றது. எனவே எதை வாங்கலாம் என்கின்றோம், எதை வேண்டாம் என்கின்றோம், என்ன காரணத்தால் என்பதையெல்லாம் உங்கள் முன்னிலையில் விளக்கிச் சொல்லுவதே முறை என்று கருதினோம்.

அதற்கு முன், மூத்தவர் ஒருவர் எழுப்பிய கேள்விக்குப் பதில் சொல்லிவிடுகின்றோம். "கோவிலுக்குப் பியானோ ஆகாது என்று எங்கள் பாட்டனார் சொல்லுவாரே, இப்போது மட்டும் எப்படி?" என்று கேட்டார். பாட்டனார் சொன்னது சரிதான். திருத்தந்தை புனித பத்தாம் பத்திநாதர் 1903ஆம் ஆண்டு திருஇசை பற்றி வெளியிட்ட ஆணையில், பியானோவைப் பெயர் சொல்லியே கோவிலுக்கு வெளியில் நிறுத்தினார். மேளதாளங்களோடு சேர்த்து அதற்கும் தடை. பின்னர் 1963ஆம் ஆண்டு இரண்டாம் வத்திக்கான் சங்கம், குழாய் ஆர்கனுக்கு உரிய பெருமையைக் கொடுத்துவிட்டு, மற்றக் கருவிகளையும் அந்தந்தப் பகுதித் திருச்சபை அதிகாரிகளின் இசைவோடு சேர்த்துக்கொள்ளலாம் என்று வழிதிறந்தது. எப்படியானாலும் நாம் வாங்கப்போகும் கருவி கோவிலுக்குள் வரப்போவதில்லை. மன்றத்தில் இருந்து, பாடகர் குழு பாடிப் பழகவும், நம் பிள்ளைகள் கற்றுக்கொள்ளவும் பயன்படும். பீடத்துக்கு ஆர்மோனியமும் கீபோர்டும் இருக்கவே இருக்கின்றன.

இனி விஷயத்துக்கு வருவோம். பழைய பொருள் என்றாலே உயர்ந்த பொருள் என்று நம்மில் பலருக்கு ஓர் எண்ணம் உண்டு. வயலினைப் பொறுத்தவரையில் அதில் ஓரளவு உண்மை இருக்கின்றது. நல்ல வயலின் நூறு இருநூறு ஆண்டுகள் கழித்தும் மதிப்போடு வாசிக்கப்படுகின்றது. பியானோ அப்படியன்று. அது பல்லாயிரம் உறுப்புகள் கொண்ட ஓர் எந்திரம். மரமும் கம்பளியும் தோலும் இரும்பும் பசையும் சேர்ந்த எந்திரம். தையல் எந்திரத்தைப் போல, பம்புசெட்டைப் போல, ஓட ஓடத் தேய்வது. ஓடாமல் கிடந்தால் அதைவிட விரைவாகக் கெடுவது. இத்தாலி நாட்டு ஃபிளாரன்ஸ் நகரில் மெதிச்சி அரச குடும்பத்தாரின் இசைக்கருவிகளைப் பேணிவந்த கிறிஸ்தோஃபோரி என்பவர் 1700ஆம் ஆண்டையொட்டி முதல் பியானோவைச் செய்தார். அவர் கையால் செய்தவற்றுள் எஞ்சியிருப்பவை மூன்றே மூன்று. 1720இல் செய்தது நியூயார்க்கிலும், 1722இல் செய்தது உரோமையிலும், 1726இல் செய்தது லைப்சிக்கிலும் காட்சிக்கூடங்களில் இருக்கின்றன. அவற்றின் வயதுக்கு அதுவே தகுந்த இடம். நமக்கு வேண்டியதோ பிள்ளைகள் நாள்தோறும் தட்டவேண்டிய கருவி.

பியானோவின் உள்ளே என்ன நடக்கின்றது என்பதை வீணையைக் கொண்டு சொன்னால் எளிதாக விளங்கும். வீணையில் தந்தியைச் சுற்றி இறுக்கப் பிரடை இருக்கின்றது அல்லவா? பியானோவிலும் ஒவ்வொரு கம்பிக்கும் அப்படி ஒன்று உண்டு. ஆனால் அது மரத்தாலானதன்று, சுமார் 7 மில்லிமீட்டர் குறுக்களவுள்ள எஃகு முளை. வீணைக்கு ஏழு தந்தி. பியானோவுக்கு ஏறத்தாழ 220 முதல் 230 கம்பிகள். அடிக்கட்டைகளுக்கு ஒவ்வொன்று, அதற்கு மேல் இரண்டிரண்டு, பின்னர் மும்மூன்று. ஒவ்வொரு கம்பியும் 70, 80 கிலோ எடையைத் தொங்கவிட்டதுபோல இழுத்துக்கொண்டு நிற்கின்றது. எல்லாவற்றையும் கூட்டினால் 18 டன் வரும். சில கருவிகளில் அதற்கும் மேல். இந்த இழுப்பைத் தாங்குவதற்கென்றே உள்ளே ஒரு வார்ப்பிரும்புச் சட்டம் இருக்கின்றது. 1825ஆம் ஆண்டு பாஸ்டன் நகரத்து பாப்காக் என்பவர் ஒரே வார்ப்பாக இரும்புச் சட்டம் செய்யும் உரிமம் பெற்றார். அதற்கு முந்திய மரச்சட்டங்களால் இவ்வளவு இழுப்பைத் தாங்க முடியாது.

ஆனால் முளைகள் இரும்பில் முடுக்கப்படவில்லை என்பதை நன்றாகக் கவனிக்கவேண்டும். சட்டத்துக்குப் பின்னால் கெட்டியான மரப்பலகை ஒன்று இருக்கின்றது. அதில் துளையிட்டு அடித்து இறுக்கப்பட்ட முளைகளே அத்தனை கம்பிகளையும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. திருகு இல்லை, மரை இல்லை. மரத்தின் பிடி ஒன்றே பிடி. இப்பலகையை நாம் பிரடைப்பலகை என்று சொல்லிக்கொள்ளுவோம். பழைய பியானோவின் உயிர் இந்தப் பலகையில் இருக்கின்றது. மேலே பாலிஷ் எப்படி மின்னினாலும், எந்த நாட்டுப் பெயர் பொன்னெழுத்தில் பொறித்திருந்தாலும், பலகை பிடியை விட்டுவிட்டால் கருவி போயிற்று. இன்று சுருதி சேர்த்தால் அடுத்த ஞாயிற்றுக்கிழமைக்குள் இறங்கிவிடும். நம்முடைய கடற்கரையிலோ மழைக்காலத்தில் மரம் ஈரத்தைக் குடித்து உப்பும். சித்திரை வெயிலில் சுருங்கும். ஆண்டுதோறும் உப்பிச் சுருங்கினால் துளை தளராமல் என்ன செய்யும்?

நாங்கள் இதுவரை மூன்று பியானோக்களைப் பார்த்திருக்கின்றோம். முதல் இரண்டையும் பார்த்தபோது, ஒரு பள்ளிக்கூடத்துப் பியானோவுக்குச் சுருதி சேர்க்கச் சென்னையிலிருந்து வந்திருந்த டியூனர் ஒருவர் எங்கள் வேண்டுகோளுக்கிணங்கி உடன் வந்தார். வயதில் பெரியவர், பேச்சில் சிக்கனமானவர். அவர் சொன்ன நாலு வார்த்தைகளை நாங்கள் நாற்பதாக விரித்துச் சொல்லுகின்றோம்.

முதலாவது பியானோ ஒரு பழைய பங்களாவில் இருந்தது. கண்ணைப் பறிக்கும் அழகு. வாதுமை மரத்தில் பூவேலை; முன்பக்கத்தில் மெழுகுதிரி வைக்க இரண்டு பித்தளைக் கைகள். எங்கள் குழுவின் பெண்பிள்ளைகள் அதைப் பார்த்தவுடனேயே வாங்கிவிடலாம் என்று முடிவு செய்துவிட்டார்கள். மூடியைத் திறந்தால் லண்டன், பாரீஸ் கண்காட்சிகளில் பெற்ற பதக்கங்களின் படம் வரிசையாக அச்சிட்டிருந்தது. விற்பவர் அதைச் சுட்டிக்காட்டிப் பெருமையோடு பேசினார். பதக்கம் அந்தத் தயாரிப்பாளர் எப்போதோ பெற்றது; இந்தக் கருவி பெற்றதன்று. அதிலுள்ள கடைசி ஆண்டைக் கொண்டு, கருவி அதற்கு முந்தியதாக இருக்கமுடியாது என்று மட்டும் சொல்லலாம். பெயரும் அப்படித்தான். மூடியில் உள்ள பெயர் செய்தவருடையதாகவும் இருக்கும், வாங்கி விற்ற கடைக்காரருடையதாகவும் இருக்கும். வெள்ளைக்காரர் காலத்தில் இங்கே பியானோ வியாபாரம் பெரிய வியாபாரம். சென்னையில் மிஸ்கித் என்பவரின் இசைக்கருவிக் கடை 1842ஆம் ஆண்டிலேயே தொடங்கிற்று. அதுதான் பின்னர் மியூசி மியூசிகல் என்ற பெயர் பெற்றது. ஆகவே உண்மையான வயதை அறிய உள்ளே சட்டத்திலோ பலகையிலோ பதித்துள்ள தொடர் எண்ணைத் தேடவேண்டும். பெயர் பெற்ற தயாரிப்பாளர்களுக்கு, எந்த ஆண்டு எந்த எண்வரை செய்தார்கள் என்ற பட்டியல் இருக்கின்றது.

கட்டைகளை எண்ணினோம். 85 இருந்தன. இன்றைய பியானோவுக்கு 52 வெள்ளை, 36 கறுப்பு, ஆக 88 கட்டைகள். பழையவற்றில் மேற்கோடியில் மூன்று குறைந்திருக்கும். இது ஒரு பெருங்குறையன்று. நம் பிள்ளைகள் அந்த மூன்றை எட்டுவதற்குப் பல ஆண்டுகள் ஆகும். டியூனர் முன்பலகையைக் கழற்றினார். கழற்றினவர் உள்ளே ஒரு பார்வை பார்த்துவிட்டு உடனே மாட்டிவிட்டார். உள்ளே கம்பிகளுக்கும் சுத்திகளுக்கும் முன்னால் வரிசையாக மெல்லிய கம்பிகள் கிளிக்கூண்டின் அழிகளைப்போல நின்றன. ஒலியை அடக்கும் கம்பளிக் கட்டைகள் சுத்திகளுக்கு மேலே அமைந்து, அவற்றை இழுக்கும் கம்பிகளே கூண்டுபோலத் தெரிகின்றன. இதற்கு ஆங்கிலேயர் 'பேர்ட் கேஜ்' என்றே பெயர் வைத்திருக்கின்றார்கள். 19ஆம் நூற்றாண்டிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் இங்கிலாந்தில் இம்மாதிரி ஏராளமாகச் செய்தார்கள். கம்பியின் ஓரத்தில் போய் அடக்குவதால் ஒலி முழுமையாக அடங்காது. சுருதி சேர்க்கவும் கைநுழைய இடமில்லை. பல டியூனர்கள் இவ்வகையைத் தொடவே மறுக்கின்றார்கள். தொட ஆளில்லாத கருவியை வாங்கி வைத்து என்ன செய்வது?

அதில் இன்னொரு சிக்கலும் இருந்தது. இதை நீங்கள் எவரும் பழைய பியானோ வாங்க நினைத்தால் மறவாமல் நினைவில் வையுங்கள். வெள்ளைக் கட்டைகளின் மேல் ஒட்டியிருந்தது யானைத்தந்தம். அகலமான முன்பகுதிக்கும் ஒடுங்கிய பின்பகுதிக்கும் நடுவே மயிரிழை போன்ற ஓர் இணைப்புக்கோடு இருக்கும். சாய்த்துப் பார்த்தால் மெல்லிய இழையோட்டமும் தெரியும். ஒரே துண்டாக, கோடின்றி இருந்தால் பெரும்பாலும் செல்லுலாயிடு அல்லது பிளாஸ்டிக். 1972ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தில் 1986இல் செய்த திருத்தம் நம் நாட்டுத் தந்த வியாபாரத்தையும், 1991இல் செய்த திருத்தம் வெளிநாட்டிலிருந்து வந்த ஆப்பிரிக்கத் தந்த வியாபாரத்தையும் நிறுத்திவிட்டன. ஆகவே தந்தக் கட்டையுள்ள பியானோவுக்கு விலை பேசுமுன் வனத்துறை அதிகாரிகளிடம் கேட்டுத் தெளிவுபெறாமல் ஒரு ரூபாய்கூடக் கைமாறக் கூடாது. அந்த வீட்டாருக்கு இது தெரியாது. அவர்களிடம் பொறுமையாக எடுத்துச்சொல்லி, கொடுத்த காபியைக் குடித்துவிட்டு வந்துவிட்டோம்.

இரண்டாவது பியானோதான் எங்களை மிகவும் சோதித்தது. ஏனென்றால் அதற்கு விலையே இல்லை. ஒரு நிறுவனத்தார், பெயர் வேண்டாம், "கோவில் காரியந்தானே, எடுத்துக்கொண்டு போங்கள், நன்கொடையாக இருக்கட்டும்" என்றார்கள். தானம் கொடுத்த மாட்டைப் பல்லைப் பிடித்துப் பார்க்காதே என்பது நம் பெரியவர்கள் வாக்கு. ஆனால் அந்த மாட்டுக்கு நாம்தானே தீனி போடவேண்டும்? பியானோவுக்குப் பல் 88. ஒவ்வொன்றாகத் தொட்டுப் பார்த்தோம்.

பார்க்கும் முறையைச் சொல்லுகின்றோம். இதற்கு இசை கற்றிருக்கவேண்டியதில்லை. இடது கோடியிலிருந்து வலது கோடிவரை ஒவ்வொரு கட்டையையும் ஒருமுறை மென்மையாகவும் ஒருமுறை அழுத்தமாகவும் தட்டவேண்டும். அமுங்கியது மீண்டு எழும்பாவிட்டால் ஈரத்தால் உப்பியிருக்கும். அது எளிதில் சரிசெய்யக்கூடியது. விரலை எடுத்தபின்னும் ஒலி தொடர்ந்தால் அடக்கும் கம்பளி போயிருக்கும். தட்டும்போது சல்லென்று அதிர்வு கேட்டால் பின்னால் உள்ள ஒலிப்பலகையைச் சந்தேகிக்கவேண்டும். அது ஊசியிலை மரத்தில் ஒரு சென்டிமீட்டர் கனத்துக்கும் குறைவாக இழைத்த பலகை. பியானோவைச் சுவரிலிருந்து நகர்த்தி, டார்ச் விளக்கடித்துப் பார்த்தால் வெடிப்புத் தெரியும். வெடிப்பைக் கண்டதும் பயப்படவேண்டாம். பின்புறத்து விலாச்சட்டங்கள் விடாமல் ஒட்டிக்கொண்டிருந்தால் வெடித்த பலகையும் நன்றாகவே பாடும். கம்பிகள் ஏறிச்செல்லும் மரக்குதிரை வெடித்திருந்தால்தான் கவலை. சுத்திகளின் முனையில் கம்பளி எவ்வளவு தேய்ந்திருக்கின்றது, கம்பியின் தடம் எவ்வளவு ஆழம், மேல்கட்டைகளில் மரம் வெளியே தெரிகின்றதா என்பதையும் காணவேண்டும். அந்துப்பூச்சி அரித்த கம்பளியை மாற்றலாம். கறையான் மண்ணோ, உளுத்த மாவோ கீழே உதிர்ந்திருந்தால் அங்கேயே கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிவிடுவது நல்லது. அதைக் கொண்டுவந்து மன்றத்து உத்திரத்துக்கும் விருந்து வைக்கவேண்டாம்.

இந்த இரண்டாவது கருவி மேலே சொன்ன சோதனைகள் பெரும்பாலானவற்றில் தேறிவிட்டது. கம்பளி நன்றாயிருந்தது, பலகையில் வெடிப்பில்லை, எங்களுக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. பிறகுதான் சுருதி பார்த்தோம். நடுவிலுள்ள ஆறு கட்டை, அதாவது 'ஏ' சுரம், நொடிக்கு 440 அதிர்வு இருக்கவேண்டும். 1939ஆம் ஆண்டு லண்டனில் கூடிய பல நாட்டு மாநாட்டில் ஒத்துக்கொண்ட அளவு அது. கைப்பேசியில் சுருதி காட்டும் செயலி இருந்தால் எண்ணாகவே காட்டிவிடும். 415 என்று காட்டினால் ஆறு கட்டை ஐந்தரைக் கட்டையாக இறங்கிவிட்டது என்று பொருள். அப்படி முழுக்கருவியும் ஒரே சீராக இறங்கியிருந்தால், பல ஆண்டுகளாக எவரும் சுருதி சேர்க்கவில்லை என்பதற்குமேல் அதில் குற்றமில்லை. ஆனால் ஏற்றுவது இலேசன்று. அரைக்கட்டை உயர்த்தக் கம்பியின் இழுப்பைச் சுமார் எட்டில் ஒரு பங்கு கூட்டவேண்டும். 16 டன் இழுத்துக்கொண்டிருந்த சட்டத்தின்மேல் மேலும் 2 டன் ஏறும். துருப்பிடித்த கம்பிகள் அப்போது அறும். ஒரே நாளில் செய்யாமல் இரண்டு மூன்று தடவையாகச் செய்யவேண்டும்.

நாங்கள் பார்த்த கருவியோ ஒரே சீராக இறங்கியிருக்கவில்லை. ஒரு கட்டை சற்று இறக்கம்; பக்கத்துக் கட்டை அதல பாதாளம்; ஒரே கட்டைக்குரிய மூன்று கம்பிகளும் மூன்று சுருதி. டியூனர் ஒன்றும் பேசாமல் சாவியை எடுத்து ஒரு முளையில் மாட்டித் திருப்பினார். கை எடுத்ததும் அது தானாகப் பின்னோக்கிச் சுழன்றது. வேறொன்றைப் பார்த்தார். பத்துப் பதினைந்து பார்த்தார். பாதிக்குமேல் அப்படியே. "பலகை பிடியை விட்டுவிட்டது" என்றார். முளைகளையெல்லாம் கழற்றிவிட்டுச் சற்றுப் பருத்த முளைகளை அடித்து, கம்பிகளையும் புதிதாகப் போடலாம். மெல்லிய பசையைத் துளைகளில் ஊற்றிச் சிலகாலம் ஓட்டவும் செய்யலாம். முந்தியதற்கு அவர் மதிப்பிட்ட செலவு, பியானோவுக்கென்று நம் பேரவை ஒதுக்கிய முழுத்தொகையையும் தாண்டிற்று. பிந்தியது எத்தனை நாள் தாங்கும் என்று அவரால் உறுதி சொல்ல இயலவில்லை.

நன்கொடையை எப்படி மறுப்பது என்று எங்களுக்குள்ளே ஒரு வாரம் வாக்குவாதம். "இலவசந்தானே, ஒரு மூலையில் கிடக்கட்டும்" என்றார்கள் சிலர். அதற்கு நாங்கள் உடன்படவில்லை. மூலையில் கிடக்காது, பிள்ளைகள் அதில்தான் கற்பார்கள். சுருதி நில்லாத கருவியில் ஈராண்டு கற்ற பிள்ளைக்குத் தவறான சுருதி காதில் ஊறிவிடும். அதன்பிறகு எந்த ஆசிரியர் வந்தாலும் அதைக் கழுவி எடுப்பது கடினம். மேலும் பழுதான பெரிய பொருளை ஏற்றுக்கொண்டால், பின்னர் அதை அகற்றவும் நாம்தான் கூலி கொடுக்கவேண்டும். ஆகவே பங்குத்தந்தையின் கையொப்பத்தோடு நன்றிக் கடிதம் அனுப்பி, காரணத்தையும் ஒளிக்காமல் எழுதிவிட்டோம். அவர்கள் வருந்தவில்லை.

மூன்றாவதாக இப்போது நம் கையில் இருப்பது, சிங்கப்பூரில் பல ஆண்டு வேலைபார்த்துத் திரும்பிய ஒரு குடும்பத்தாரின் பியானோ. மகள் திருமணமாகிப் போனபின் தொடுவாரில்லை. பார்க்க ஓர் அழகுமில்லை. கறுப்புப் பெட்டி, மேலே பூந்தொட்டி வைத்த வட்டக்கறை. முதல் பியானோவைப் பார்த்த எங்கள் பிள்ளைகளுக்கு இதைக் கண்டதும் முகம் சுருங்கிற்று. ஆனால் தொடர் எண்ணைப் பட்டியலோடு ஒப்பிட்டதில் 1970களின் நடுவில் ஜப்பானில் செய்தது என்று தெரியவந்தது. முழு இரும்புச் சட்டம். 88 பிளாஸ்டிக் கட்டைகள். அடக்கிகள் சுத்திகளுக்குக் கீழே, இருக்கவேண்டிய இடத்தில் இருக்கின்றன. சட்டத்தில் வெடிப்பில்லை. ஆறு கட்டை 428 காட்டுகின்றது. மேலும் கீழும் எல்லாக் கட்டைகளும் ஏறத்தாழ அதே அளவு, கால் கட்டைபோல, சீராக இறங்கியிருக்கின்றன. அடிக்கம்பிகளின் செம்புச் சுற்று பச்சை பூத்து, நாலைந்து கட்டைகள் தகரத்தைத் தட்டினாற்போல் ஒலிக்கின்றன. அவற்றுக்குப் புதுக்கம்பி சுற்றி வரவழைக்கவேண்டும். கட்டைகளுக்கு அடியிலுள்ள கம்பளியை அந்து தின்றிருக்கின்றது. சிங்கப்பூரும் நம்மைப்போல ஈரமான ஊர்தான். அங்கே இத்தனை ஆண்டு இருந்தும் முளைகள் பிடித்துக்கொண்டிருப்பது எங்களுக்கு நம்பிக்கையளிக்கின்றது. இருந்தாலும் எங்கள் நம்பிக்கை போதாது. டியூனர் வந்து சாவி போட்டுப் பார்த்து, நல்லது என்று சொன்ன பிறகே முன்பணம் கொடுப்போம் என்று வீட்டாரிடம் சொல்லியிருக்கின்றோம். அவர்களும் சரியென்றார்கள். பார்க்க விடமாட்டோம் என்று சொல்லுகின்றவரிடம் எப்போதுமே வாங்கக் கூடாது.

விலையைப் பற்றி. கேட்டிருப்பது நாம் ஒதுக்கிய தொகையில் முக்கால் பங்கு. மீதியிருக்கும் கால் பங்கைக் கண்டு, "இன்னும் பெரியதாக ஒன்று பார்க்கலாமே" என்று சிலர் கேட்டார்கள். அந்தக் கால் பங்கு மிச்சமன்று. வண்டிக்கூலி, அடிக்கம்பிகள், கம்பளி, முதல் ஆண்டில் இரண்டு மூன்று தடவை சுருதி சேர்க்கும் செலவு எல்லாம் அதற்குள் அடங்கவேண்டும். அதன்பின்னும் ஆண்டுக்கு இருமுறை டியூனர் வந்தே தீரவேண்டும். இச்செலவை ஆண்டுதோறும் பேரவை ஏற்றுக்கொள்ளும் என்று தீர்மானப் புத்தகத்தில் எழுதாத வரையில், பியானோ வாங்குவதற்கு நாங்களே சம்மதிக்கமாட்டோம் என்பதைத் தெளிவாகச் சொல்லிவிடுகின்றோம்.

டியூனர் பார்த்துவிட்டு வேண்டாம் என்றால் என்ன செய்வது? இதற்கும் விடை வைத்திருக்கின்றோம். நான்காவது, ஐந்தாவது என்று பழைய பியானோக்களைத் தேடி அலையாமல், அதே பணத்துக்கு 88 கட்டையும் பியானோவைப்போலவே கனமான அழுத்தமும் உள்ள மின்னணுப் பியானோவை வாங்கிவிடலாம். அதற்குச் சுருதி சேர்க்கவேண்டியதில்லை, ஈரத்தில் உப்பாது. கம்பியும் மரமும் சேர்ந்து அதிரும் அந்த ஒலி அதில் வராது என்பது உண்மை. மின்சாரமும் வேண்டும். ஆயினும் கெட்ட பியானோவைவிட நல்ல மின்கருவி பிள்ளைகளுக்கு எத்தனையோ மேல். இதைச் சொல்ல எங்கள் குழுவின் மூத்தவர்களுக்கு மனமில்லை. சொல்லாமலிருப்பது நியாயமில்லை என்பதால் அவர்களும் ஒப்புக்கொண்டார்கள்.

வாங்குவது முடிவானால் வைக்கும் இடத்தையும் இப்போதே குறித்துவிடவேண்டும். மன்றத்தின் கிழக்குச் சுவர் ஆகாது. கடற்காற்று நேரே அடிக்கின்றது. வெயில் விழும் சன்னலோரமும் ஆகாது. நடுச்சுவரோடு, ஒரு சாண் இடம்விட்டு, தரையிலிருந்து சற்று உயர்த்திய பலகைமேல் வைக்கலாம். முன்னாளில் ஈரம் தங்காமலிருக்கப் பியானோவின் அடிப்பெட்டிக்குள் சின்ன பல்பு ஒன்றை எரியவிடுவார்கள். இப்போதைய எல்.இ.டி. பல்பு அதற்கு உதவாது. வெளிச்சந்தான் வரும், சூடு வராது. டியூனரிடம் கேட்டு வேறு ஏற்பாடு செய்வோம். அந்துருண்டை போடும் பொறுப்பை மாதர் சங்கத்தார் ஏற்றுக்கொண்டிருக்கின்றார்கள்.

ஏற்றி இறக்க ஆறு பேர் வேண்டும். எடை 200 கிலோவுக்குமேல். வள்ளத்தைக் கரையேற்றிப் பழகிய தோள்கள் நம் பங்கில் குறைவில்லை. ஆயினும் வள்ளத்தைப்போல இதை ஆரவாரம் போட்டு இழுக்கக் கூடாது. வார்ப்பிரும்பு ஒருமுறை தொப்பென்று விழுந்தால் வெடித்துவிடும். வெடித்த சட்டத்தை ஒட்டவைக்க முடியாது. அடியிலுள்ள சின்னச் சக்கரங்களை நம்பி உருட்டாமல், கயிறு கட்டி, நிமிர்த்தினபடியே தூக்கிவரவேண்டும். வந்து இறங்கியபின் மூன்று வாரம் அப்படியே விட்டு, மன்றத்துக் காற்றுக்கு மரம் பழகியபிறகே சுருதி சேர்க்கவேண்டும் என்கின்றார் டியூனர். அந்த மூன்று வாரமும் மூடியின் சாவி உபதேசியார் ஐயாவிடம் இருக்கும். பிள்ளைகளே, அவரிடம் போய்க் கேட்டு நச்சரிக்காதீர்கள்.